900 டிகிரியில் ஒரு குணம், 1100 டிகிரியில் வேறு குணம்: சூளைக்குள் சிவப்புச் சேறு

பாக்சைட் தாதுவைச் சூடான காஸ்டிக் சோடா கரைசலில் கரைத்து அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) எடுக்கும் முறைக்கு, கார்ல் யோசப் பேயர் 1888-ல் காப்புரிமை பெற்றார். அலுமினியத் தொழில் இன்றும் பெரும்பாலும் அந்த முறையில்தான் நடக்கிறது. கரையாமல் மிஞ்சுகிற இரும்பு, டைட்டானியம், சிலிக்கா எல்லாம் சேர்ந்த, காரத்தன்மை கொண்ட கசடுக்குப் பெயர் சிவப்புச் சேறு. ஒரு டன் அலுமினாவுக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை டன் சேறு சேர்கிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 15 கோடி டன்னுக்கு மேல். அதில் மிகச் சிறு பகுதிதான் எதற்காவது பயன்படுகிறது. மீதி எல்லாம் கரை கட்டிய குளங்களில் கிடக்கிறது. அப்படி ஒரு கரை 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் அய்க்கா நகருக்கு அருகே உடைந்தது. கோலொன்டார், தெவெச்செர் ஆகிய ஊர்களுக்குள் சேறு புகுந்து 10 பேர் இறந்தார்கள். காரம் பட்டுத் தோல் வெந்தவர்கள் ஏராளம்.

இவ்வளவு சேற்றை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று கேட்டால், பலருக்கும் முதலில் தோன்றும் பதில் செங்கலும் ஓடும் தரை டைலும்தான். காரணம் புரிகிறது. சேறு மிக நுண்மையானது, களிமண்ணோடு எளிதில் கலக்கும், இரும்பு இருப்பதால் நல்ல சிவப்பு நிறம் வரும், சோடியம் இருப்பதால் சீக்கிரம் வெந்து எரிபொருள் மிச்சமாகும் என்ற நம்பிக்கையும் உண்டு. இந்த யோசனை நல்லது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதோடு கூடவே ஒரு வாக்கியம் வந்து ஒட்டிக்கொள்கிறது: "சுட்டுவிட்டால் எல்லாம் கல்லுக்குள் அடங்கிவிடும்." அந்த வாக்கியம் எந்த வெப்பநிலையில் உண்மை, எந்த வெப்பநிலையில் பொய் என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வின் வேலை.

பகுப்பாய்வுத் தாள் சொல்லாதவை

ஒரு கழிவைப் பீங்கான் வேலைக்கு எடுக்கலாமா என்று கேட்டால், முதலில் கைக்கு வருவது ஆக்சைடு பகுப்பாய்வு. சிவப்புச் சேற்றுக்கு அது சுமாராக இப்படி இருக்கும்: இரும்பு ஆக்சைடு 20 முதல் 60 சதவீதம், அலுமினா 10 முதல் 30, சிலிக்கா 3 முதல் 50, சோடியம் ஆக்சைடு 2 முதல் 10, சுண்ணாம்பு 2 முதல் 8, டைட்டானியம் டைஆக்சைடு கொஞ்சத்திலிருந்து 25 வரை. பாக்சைட் எங்கே தோண்டப்பட்டது, ஆலை எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்து இவ்வளவு வித்தியாசம்.

தாளில் எண்கள் ஒன்றாகவே இருந்தாலும், இரண்டு சேறுகள் சூளைக்குள் வேறு வேறாக நடந்துகொள்ளலாம். 40 சதவீதம் இரும்பு ஆக்சைடு என்று தாள் சொல்லும். அது ஏற்கெனவே ஹெமடைட்டாக இருக்கிறதா, நீரைக் கட்டிவைத்திருக்கும் கோதைட்டாக இருக்கிறதா என்று சொல்லாது. அலுமினா என்று எழுதியிருப்பதில் கரையாமல் மிஞ்சிய, நீர் கொண்ட அலுமினியக் கனிமங்களான கிப்சைட் எவ்வளவு, போஹ்மைட் எவ்வளவு என்பதும் தெரியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சோடியத்தின் இருப்பிடம். ஒரு பங்கு, சேற்றின் நீரிலேயே காஸ்டிக் சோடாவாகவும் சோடியம் கார்பனேட்டாகவும் கரைந்திருக்கும். இதைக் கழுவி எடுக்கலாம். இன்னொரு பங்கு, ஆலைக்குள்ளேயே சிலிக்காவும் அலுமினாவும் காரத்தோடு சேர்ந்து உருவான சோடலைட், கான்கிரினைட் படிகங்களுக்குள் அடைபட்டிருக்கும். எத்தனை முறை கழுவினாலும் இது அசையாது. வெப்பம்தான் இதை வெளியே கொண்டுவரும். தாளில் இரண்டும் சேர்ந்து ஒரே வரியில், 'சோடியம் ஆக்சைடு' என்று மட்டும் நிற்கும். பின்னால் வரப்போகும் சிக்கல்களில் பாதி அந்த ஒரு வரியில்தான் ஒளிந்திருக்கிறது.

ஆகவே ஆக்சைடு பகுப்பாய்வை மட்டும் வைத்துக் கலவை போடக் கூடாது. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு மூலம் எந்தெந்தக் கனிமங்கள் உள்ளன என்று பார்க்க வேண்டும். சூடேற்றும்போது எந்த வெப்பநிலையில் எவ்வளவு எடை குறைகிறது என்ற வரைபடமும் வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் சூளை வேலையைத் தொடங்குவது வீண் செலவு.

உலர்த்தலிலிருந்து 600 டிகிரி வரை

சூளைக்குள் போவதற்கு முன்பே முதல் தொல்லை தொடங்கிவிடுகிறது. சேற்றின் துகள்கள் பெரும்பாலும் சில மைக்ரான் அளவே இருக்கும். அவை நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். அவசரப்பட்டு உலர்த்தினால் பச்சைக்கல் (இன்னும் சுடாத கல்) வெடிக்கும். அதோடு, உள்ளிருந்து மேற்பரப்புக்கு வரும் நீர் கரைந்த சோடியத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகிப் போய்விடும்; உப்பு விளிம்புகளிலும் முனைகளிலும் தங்கிவிடும். பச்சைக்கல்லின் ஓரங்களில் வெள்ளைப் படலம் தெரிந்தால், கழுவ வேண்டிய சோடியத்தைக் கழுவாமல் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். சுட்ட பிறகு அதே இடங்கள் மற்ற பகுதியைவிட முன்னதாகக் கண்ணாடியாகி, நிறம் மாறி, சில சமயம் பக்கத்துக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

சூடு ஏறத் தொடங்கியதும் 250 முதல் 350 டிகிரிக்குள் கிப்சைட்டும் கோதைட்டும் நீரை விடுகின்றன. கிப்சைட் தன் எடையில் 34.6 சதவீதத்தை நீராவியாக இழக்கும். கோதைட் 10 சதவீதத்தை இழந்து ஹெமடைட்டாகும். 500 டிகிரி சுற்றுவட்டாரத்தில் போஹ்மைட் தன் 15 சதவீத நீரை விடும். கலவையில் உள்ள களிமண்ணின் கயோலினைட்டும் 450 முதல் 600 டிகிரிக்குள் சுமார் 14 சதவீதத்தை இழந்து மெட்டாகயோலினாக மாறும். பொதுவாக இந்தக் கட்டத்தில் ஆபத்து குறைவு. துளைகள் திறந்திருப்பதால் நீராவிக்கு வழி உண்டு. ஆனால் கோதைட் அதிகமுள்ள சேற்றில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: கோதைட் ஹெமடைட்டாகும்போது திண்மத்தின் பருமன் கால் பங்குக்கும் மேல் சுருங்கும். வெளி அளவு அப்படியே இருக்க, ஒவ்வொரு துகளுக்குள்ளும் நுண்ணிய பிளவுகள் உண்டாகும். இந்தப் புதுத் துளைகள் பின்னால் நீர் உறிஞ்சும் அளவைக் கூட்டும்.

கரிமப் பொருள் இந்தக் கட்டத்தில்தான் எரியத் தொடங்குகிறது. பாக்சைட்டோடு வந்த மக்கிய பொருளின் மிச்சமும், சேற்றைப் படியவைக்க ஆலையில் சேர்த்த ஸ்டார்ச் போன்றவையும் சேற்றில் கொஞ்சம் இருக்கும். களிமண்ணிலும் உண்டு. 900 டிகிரிக்கு முன்பே இது முழுவதும் எரிந்து தீர்ந்தாக வேண்டும். தீராவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

எண்ணூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவே

கட்டடச் செங்கல் பெரும்பாலும் வேகும் எல்லை இதுதான். என் பார்வையில் சிவப்புச் சேற்றுக்கு மிகவும் மோசமான எல்லையும் இதுவே.

முதலில் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். 650-லிருந்து 850 டிகிரிக்குள் அது தன் எடையில் 44 சதவீதத்தைக் கரியமில வாயுவாக விட்டுச் சுண்ணாம்பாகிறது. களிமண்ணில் பெரிய சுண்ணாம்புக் கட்டிகள் இருந்தால், சுட்ட கல் ஈரம் பட்டதும் அவை உப்பிப் பரப்பைப் பிளந்துகொண்டு வெளியே வரும். சிவப்புச் சேற்றில் அந்தப் பயம் குறைவு. சுண்ணாம்பு அவ்வளவு நுண்மையாகப் பரவியிருப்பதால் சுற்றியுள்ள அலுமினா, சிலிக்காவோடு வினைபுரிந்து கெலனைட் போன்ற கனிமங்களாகிவிடும். டைட்டானியத்தோடு சேர்ந்து பெரோவ்ஸ்கைட்டும் உண்டாகும்.

அடுத்தது வலிமை. சோடியம் இருக்கிறதே, கல் சீக்கிரம் வெந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள். 900 டிகிரியில் சிவப்புச் சேறு இளக்கியாக, அதாவது மற்றவற்றைக் குறைந்த சூட்டிலேயே உருகவைக்கும் பொருளாக, வேலை செய்வதில்லை. சோடலைட்டும் கான்கிரினைட்டும் இப்போதுதான் உடைந்து நெஃபலின் என்ற கனிமமாக மாறிக்கொண்டிருக்கும். நெஃபலின் தனியாக 1500 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஹெமடைட்டோ இந்தச் சூட்டுக்கு அசைவதே இல்லை. ஆக, களிமண்ணுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருக்கும் நிரப்பியாகத்தான் சேறு இருக்கிறது. சேற்றின் விகிதம் கூடக்கூட நீர் உறிஞ்சுதல் கூடும், வலிமை குறையும்.

இதில் நிறம் வேறு நம்மைத் தவறான பக்கம் இழுக்கும். சூளையில் வேலை செய்கிறவர்கள் நிறத்தைப் பார்த்தே வேக்காட்டைச் சொல்லிவிடுவார்கள். வெளிறிய கல் வேகாதது, சிவந்த கல் வெந்தது. சேறு கலந்த கல் வேகாவிட்டாலும் சிவப்பாகவே இருக்கும், ஏனென்றால் அந்தச் சிவப்பு ஹெமடைட்டோடு கூடவே வந்தது. நிறத்தை நம்பாமல் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஓசைக்குப் பதில் மந்தமான சத்தம் வந்தால் வேக்காடு பத்தவில்லை. தட்டிப் பார்ப்பதோடு நில்லாமல் நீர் உறிஞ்சும் சோதனையும் செய்வது நல்லது.

வலிமைக் குறைவையாவது சகித்துக்கொள்ளலாம். சுமை தாங்காத சுவருக்கு அந்தக் கல் போதும். குரோமியம் விஷயம் அப்படியல்ல. சிவப்புச் சேற்றில் குரோமியம் கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராமிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் இருக்கலாம். சேறாக இருக்கும்போது அது பெரும்பாலும் மூன்று இணைதிற நிலையில், இரும்புக் கனிமங்களின் படிகத்துக்குள் இரும்பின் இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். நீரில் கரையாது, அதிகத் தீங்கில்லை. அதே குரோமியம் சோடியமும் சுண்ணாம்பும் பக்கத்தில் இருக்க, ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் சூளையில் சூடானால் ஆறு இணைதிற நிலைக்கு ஏறும். சோடியம் குரோமேட்டும் கால்சியம் குரோமேட்டும் உண்டாகும். இவை நீரில் கரைபவை. ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

இது எங்கோ எப்போதோ நடக்கும் விபத்தல்ல. குரோமியம் உப்பு தயாரிக்கும் ஆலைகள் குரோமைட் தாதுவைச் சோடா சாம்பலோடு கலந்து, காற்றோட்டமான உலையில் சுமார் 1100 டிகிரியில் வறுத்துத்தான் சோடியம் குரோமேட்டை எடுக்கின்றன. குரோமியம், காரம், காற்று, சூடு: அந்த ஆலை வேண்டுமென்றே சேர்க்கும் நான்கையும், கழுவாத சிவப்புச் சேற்றைச் செங்கல்லில் கலந்து சுடுகிறவர் தெரியாமலே சேர்த்துவிடுகிறார். அளவு மிகக் குறைவு, உண்மைதான். ஆனால் துளைகள் நிறைந்த கல்லில் மழைநீர் போய்வர வழி திறந்தே இருக்கிறதே. சுடுவதற்கு முன் கசியாத ஒன்று சுட்ட பிறகு கசியும் என்றால், "சுட்டால் அடங்கிவிடும்" என்ற வாக்கியம் இந்த இடத்தில் தலைகீழாகிறது. சேற்றில் உள்ள வனேடியம் என்ற உலோகத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். செங்கல் சுவரில் சில சமயம் மஞ்சளும் பச்சையுமாகப் பூக்கும் கறைகளுக்கு வனேடிய உப்புகள் ஒரு காரணம்.

இதற்கு மாற்று வழி இல்லாமலில்லை. முதல் வேலை, வடிகட்டி அழுத்திகளில் பிழிந்து கழுவிக் கரையும் சோடியத்தைக் குறைப்பது. இரண்டாவது, சரியான களிமண்ணைத் தேர்ந்தெடுப்பது. கயோலினைட் நிறைந்த களிமண்ணின் மெட்டாகயோலின் காரத்தோடு எளிதில் வினைபுரியும். சோடியத்தைப் பிடித்து அலுமினோசிலிகேட்டுக்குள் பூட்டிவிடும், குரோமியத்துக்குக் கிடைக்கும் காரம் குறையும். சுண்ணாம்பு நிறைந்த களிமண்ணை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன், ஏனென்றால் சோடியம் செய்யும் தீங்கைச் சுண்ணாம்பும் செய்யும். மூன்றாவது, சூட்டைக் கூட்டுவது. ஆனால் அங்கே வேறு சிக்கல்கள் காத்திருக்கின்றன.

1050 டிகிரியைத் தாண்டினால்

இந்த எல்லைக்குப் பிறகு சேற்றின் நடத்தை முழுக்க மாறிவிடுகிறது. நெஃபலின் தனியாக 1500 டிகிரி கேட்கும் என்றேன். களிமண்ணிலிருந்து சிலிக்கா கிடைத்ததும் நிலைமை வேறு: நெஃபலினும், அதைவிடச் சிலிக்கா கூடிய சோடியம் கனிமமான ஆல்பைட்டும் சேர்ந்தால் 1068 டிகிரியிலேயே உருகுநீர், அதாவது உருகிய கண்ணாடிக் குழம்பு, தோன்றும். இரும்பும் சுண்ணாம்பும் கூட இருந்தால் இன்னும் கீழே இறங்கும். அதுவரை நிரப்பியாக இருந்த பொருள் சில பத்து டிகிரிகளுக்குள் வலுவான இளக்கியாகிவிடுகிறது. துளைகளை உருகுநீர் நிரப்பும், சுருக்கம் திடீரென்று கூடும், நீர் உறிஞ்சுதல் கிடுகிடுவென இறங்கும், வலிமை ஏறும். சோடியம் கண்ணாடிக்குள் பிணைபடுகிறது. கால்சியம் குரோமேட் 1000 டிகிரிக்கு மேல் நிலைகுலையத் தொடங்குகிறது. நீர் போக வழியும் அடைபடுகிறது. பாதுகாப்பு என்று பார்த்தால் 1100 டிகிரியில் அடர்த்தியாக வெந்த டைல், 900 டிகிரிச் செங்கல்லைவிட எவ்வளவோ மேல்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். சேற்றை மட்டும் தனியாக உருண்டை பிடித்துச் சுட்டுப் பார்த்து அதன் குணத்தை முடிவு செய்யக் கூடாது. சிலிக்கா குறைந்த சேறு தனியே சுடும்போது தாமதமாகத்தான் இளகும். களிமண்ணோடு சேர்ந்தால் முந்திக்கொண்டு இளகும். அப்புறம் கலவைக்குக் கலவை வேறுபடும்.

உயர்ந்த சூட்டின் ஆபத்து, வேக்காட்டு இடைவெளி குறுகிப்போவது. சரியாக வெந்த நிலைக்கும் உருக்குலையும் நிலைக்கும் நடுவே நல்ல டைல் கலவையில் தாராளமான இடைவெளி இருக்கும். சேறு கூடினால் அது மிகவும் சுருங்கிவிடும். சூளையின் மேல்பக்கத்துக்கும் கீழ்பக்கத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசமே அந்த இடைவெளியைவிடப் பெரிதாக இருந்தால், ஒரே சுடுதலில் சில டைல்கள் வேகாமலும் சில வளைந்தும் வரும். அளவு ஒன்றுபோல வராத டைலை யாரும் பதிக்க மாட்டார்கள்.

அடுத்தது உப்புதல். ஒரு சுட்ட பொருள் உப்ப வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனைகள் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டும்: வாயுவைப் பிடித்துவைக்கும் அளவுக்குப் பிசுபிசுப்பான உருகுநீர் இருக்க வேண்டும், அந்த நேரத்தில் உள்ளே வாயு பிறக்க வேண்டும். சிவப்புச் சேற்றில் உருகுநீருக்குப் பஞ்சமில்லை. வாயு எங்கிருந்து வரும்? கால்சைட் தன் வாயுவை முன்பே விட்டிருக்கும். மிச்சமிருப்பது ஹெமடைட். தூய ஹெமடைட் காற்றில் 1390 டிகிரி வாக்கில்தான் ஆக்சிஜனை விட்டு மேக்னடைட்டாகும். சிலிகேட் உருகுநீருக்குள் கரைந்த இரும்போ 1200 டிகிரியைத் தாண்டியதுமே கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜனை விடத் தொடங்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் ஹெமடைட் முழுவதும் மேக்னடைட்டானால் வெளியேறுவது சுமார் 3.3 கிராம் ஆக்சிஜன். 1250 டிகிரியில் அதன் பருமன் சுமார் 13 லிட்டர். நூறில் ஒரு பங்கு மட்டும் மாறினாலும் 130 மில்லிலிட்டர். அந்த 100 கிராம் ஹெமடைட்டின் பருமனே 20 மில்லிலிட்டருக்குள்தான். எடைக் குறைவாகத் தராசில் சரியாகக் கூடத் தெரியாத மாற்றம், டைலை ரொட்டி மாதிரி உப்பவைத்துவிடும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

எரியாமல் தங்கிய கரி இதைவிட முன்னதாகவே வேலையைக் கெடுக்கும். கல்லின் நடுவே ஆக்சிஜன் எட்டாத இடத்தில் கரி ஹெமடைட்டிலிருந்தே ஆக்சிஜனைப் பறிக்கும். இரும்பு இரண்டு இணைதிற நிலைக்கு இறங்கி, சிலிக்காவோடு சேர்ந்து 1200 டிகிரிக்கும் கீழே உருகும் கலவைகளைத் தரும். உடைத்துப் பார்த்தால் வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. அந்தக் கறுப்பு மையம் சுற்றியுள்ள பகுதிக்கு முன்பே இளகுவதால் உப்புதலும் அங்கிருந்துதான் தொடங்கும். நீண்ட குகை போன்ற சுரங்கச் சூளையில் செங்கல் ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேல் இருக்கும். கரி எரியப் போதிய நேரம் உண்டு. சுழலும் உருளைகள் மேல் டைல் நகரும் உருளைச் சூளையில் அது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே போய் வெளியே வந்துவிடும். ஒரே கலவை முதலாவதில் நன்றாக வந்து இரண்டாவதில் கறுப்பு மையத்தோடு வந்தால் ஆச்சரியமில்லை. 600-லிருந்து 900 டிகிரி வரை நிதானமாக, காற்று நன்றாகப் பட ஏற்றுவதுதான் மருந்து.

ஆனால் அந்த நிதானமும் காற்றும்தான் குரோமியத்தை மேலே ஏற்றுபவை. இந்தச் சிக்கலில் இதைவிடக் கடினமான முரண்பாடு எனக்குத் தென்படவில்லை. கரியை எரிக்க ஆக்சிஜன் வேண்டும், குரோமேட் பிறக்காமலிருக்க ஆக்சிஜன் வேண்டாம். நடைமுறையில் கையாளக்கூடிய வழி, ஏறும்போது காற்றைக் கொடுத்துக் கரியைத் தீர்த்துவிட்டு, உச்ச வெப்பநிலையில் கொஞ்ச நேரம் ஆக்சிஜனைக் குறைப்பது. ஆறு இணைதிற குரோமியம் மறுபடி மூன்றுக்கு இறங்கும். சூளை ஆறும்போது மேற்பரப்பில் மீண்டும் கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் நடக்கும். அடர்த்தியாக வெந்திருந்தால் அது உள்ளே போகாது. இந்த முறைக்கு விலையாகப் போவது நிறம். இரும்பு இறங்குவதால் சிவப்பு மங்கிச் சாக்லேட் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறும். சிவப்பு வேண்டும் என்று அடம்பிடிக்கிற வாடிக்கையாளரிடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

சூடு தொடாத ஒன்று

பாக்சைட்டில் உள்ள தோரியம், யுரேனியம், ரேடியம் எல்லாம் அலுமினாவோடு போகாமல் சேற்றிலேயே செறிந்து தங்கும். எந்தச் சூளையும் கதிரியக்கத்தை அழிக்காது. நீரும் கரியமில வாயுவும் வெளியேறிய பிறகு மிஞ்சும் திண்மத்தில் கிலோவுக்கான அளவு கொஞ்சம் கூடவே செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் கொண்டுவந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளில் கட்டடப் பொருள்களுக்கு ஒரு குறியீட்டு எண் உண்டு: ரேடியம்-226-ஐ 300 ஆலும், தோரியம்-232-ஐ 200 ஆலும், பொட்டாசியம்-40-ஐ 3000 ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். கிலோவுக்கு எத்தனை பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) என்பதுதான் அளவு. விடை ஒன்றைத் தாண்டினால் பொருளை மேலும் ஆராய வேண்டும்.

கணக்குக்காக ஒரு சேற்றில் ரேடியம் 200, தோரியம் 300 என்று வைப்போம். குறியீடு சுமார் 2.17. களிமண்ணில் ரேடியம் 40, தோரியம் 40, பொட்டாசியம் 600 என்றால் 0.53. இரண்டையும் கலந்து ஒன்றுக்குள் நிற்க வேண்டுமென்றால் சேறு ஏறக்குறைய 28 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சேற்றுக்குச் சேறு இந்த எண் மாறும். கழிவை 50, 60 சதவீதம் சேர்த்துச் செய்த டைல் என்று பெருமையாகச் சொல்லும்போது, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்களா என்று நான் முதலில் கேட்பேன். வேக்காடும் குரோமியமும் சரியாக வந்துவிட்டாலும், வீட்டுக்குள் போகும் பொருளுக்கு உச்ச அளவைப் பெரும்பாலும் இதுதான் தீர்மானிக்கும்.

கசிவுச் சோதனையை எப்படிச் செய்வது

சுட்ட பொருளை நீரில் ஊறவைத்து, நீரில் என்ன இறங்குகிறது என்று பார்ப்பது வழக்கம். முழு டைலை ஊறவைத்தால் கண்ணாடியான மேற்பரப்பு எல்லாவற்றையும் மறைத்து நல்ல விடையைத் தரும். அதே டைலை உடைத்து, சில மில்லிமீட்டர் துண்டுகளாக்கி ஊறவைத்தால் உள்பகுதி பேசத் தொடங்கும். இரண்டையும் செய்ய வேண்டும், ஏனென்றால் எந்தக் கட்டடமும் ஒருநாள் இடிபடும். அதன் செங்கல்லும் டைலும் ஜல்லியாகி மண்ணோடு சேரும். நீரின் பிஹெச் அளவையும் தவறாமல் குறித்துவைக்க வேண்டும். அது 10-க்கு மேல் இருந்தால் சோடியமோ சுண்ணாம்போ இன்னும் கட்டுப்படவில்லை. ஆறு இணைதிற குரோமியமும் வனேடியமும் அப்படிப்பட்ட கார நீரில் எளிதாக நகரும். அந்த நீர் மஞ்சளாகத் தெரிந்தால் ஆய்வக அறிக்கைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அந்தக் கலவையை அதே வெப்பநிலையில் மறுபடி சுடக் கூடாது. நீர் நிறமில்லாமல் இருந்தாலும் அளந்து பார்த்துவிட்டே அடுத்த சூளையை ஏற்ற வேண்டும், ஏனென்றால் கண்ணுக்கு மஞ்சள் தெரிவதற்கு வெகு முன்பே குரோமேட் குடிநீருக்கான எல்லையைக் கடந்திருக்கும்.